நான்கு மில்லிமீட்டர் கடி

1991 மார்ச் 11 — 300 மீட்டர்
1991 ஜூலை 2 — 1,800 மீட்டர்
1993 ஜனவரி 18 — 6,500 மீட்டர்
1998 அக்டோபர் 5 — 11,200 மீட்டர்
2004 மே 24 — 9,750 மீட்டர்
2011 நவம்பர் 14 — 4,400 மீட்டர்
2016 மே 9 — 120 மீட்டர் (பாதியில் நிறுத்தப்பட்டது)
ஆக மொத்தம் — 34,070 மீட்டர்

மேலே இருப்பவை 'ஏழாம் எண் இலை' என்ற டிசைன் 2016 மே வரை திரைத்துணியில் அச்சான நாள்களும் அளவுகளும். ஒரு மீட்டருக்குப் பதினான்கு இலை. அந்தக் கணக்கில் நான்கு லட்சத்து எழுபத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது இலை. ஒவ்வோர் இலையின் இடது ஓரத்திலும் புழு கடித்ததுபோல ஒரு கடி உண்டு. கடியின் அகலம் நான்கு மில்லிமீட்டர். இங்கே சொல்லப்போவது அந்தக் கடியை உண்டாக்கியவரைப் பற்றி. இலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது வேறொருவருடையது.

துணி ஆலையில் அவரை எல்லோரும் ரப்பர் என்றே அழைத்தார்கள். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் அழிரப்பர் வைத்திருப்பார். கால் மணி நேரம் வரைந்தால் முக்கால் மணி நேரம் அழிப்பார். ஒருமுறை சம்பள குமாஸ்தா உறையின்மேல் மறதியாக 'ரப்பர்' என்று எழுதிவிட்டார். இவரும் மறதியாக அதே பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். தணிக்கையில் அது பிடிபட்டபோது, தணிக்கையாளர் ஆளை நேரில் வரவழைத்துப் பார்த்தார். சட்டைப் பையைப் பார்த்தார். "ஆள் சரிதான்" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்.

ரப்பர் வேலைக்குச் சேர்ந்தது 1982 ஜூன் 7, திங்கட்கிழமை. டிசைன் அறை இரண்டாம் மாடியில், அச்சு இயந்திரத்துக்கு நேர் மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அப்போது போட்ட கோடு நெளியும். ஆகையால் அவர் நெடுங்கோடுகளை எல்லாம் காலை பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள், இயந்திரத்தைக் கழுவும் நேரத்தில், போட்டுவிடுவார். மீதி நேரத்தில் அலைகளும் மேகங்களும் வரைவார். அவற்றுக்கு நடுக்கம் நல்லது.

அறையில் இரும்பு அலமாரி ஒன்று. அதில் நான்கு இழுப்பறைகள்: இலை, பூ, பறவை, இதர. ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டுகள். எந்த டிசைனில் எந்த உருவத்தை எங்கிருந்து எடுத்தார், எந்தத் தேதியில் எடுத்தார் என்று சீட்டில் இருக்கும். 'வாத்தின் கழுத்து — பேருந்து நிலையத்து விளம்பரப் பலகை.' 'அலை — எதிர்வீட்டுக்காரரின் போர்வை, மாடியில் காய்ந்தது.' 'மேகம் — குழந்தைப் பவுடர் டப்பா.' மனதிலிருந்து வரைந்தேன் என்று எந்தச் சீட்டிலும் இல்லை. அவருக்கு அதில் வெட்கமும் இல்லை. மனதுக்குள் இருப்பது மட்டும் எங்கிருந்து வந்ததாம் என்று கேட்பார். ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். ஓர் ஆளிடமிருந்து ஒன்றுதான் எடுக்கலாம். ஒன்று எடுத்தால் கைமாற்று. இரண்டாவதும் எடுத்தால் திருட்டு.

இந்தக் கட்டுப்பாட்டை அவர் மனைவி ஒப்புக்கொண்டதில்லை. அவர் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர். இருபத்தெட்டு வருடம் மருத்துவர்களின் கிறுக்கலைப் படித்தவரிடம் எதையும் மறைக்க முடியாது.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு லெட்டர் போட்டீங்க. அதுல முதல் பாதி உங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் அவர் வீட்டம்மாவுக்கு எழுதினது" என்பார்.

"மீதிப் பாதி நான் எழுதினதுதானே?"

"மீதிப் பாதியில 'நலம், நலமறிய ஆவல்'னு இருந்துச்சு. அதையும் நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா?"

ஏழாம் எண் இலை பிறந்தது 1991 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. ரப்பருக்குக் கடைவாய்ப் பல் வலி. பல் மருத்துவரின் அறைக்கு வெளியே நாற்பத்தைந்து நிமிடம் காத்திருந்தார். எதிரே இருந்த நாற்காலியின் உறையில் மேடாக நெய்த ஓர் இலை. நீளமான இலை, நடு நரம்பு மட்டும் லேசாகச் சாய்ந்து, யாரோ கூப்பிட்டதால் திரும்பிப் பார்ப்பதுபோல. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் உள்ளே போனதும் ரப்பர் எழுந்து, தன் முன்பதிவுச் சீட்டை உறையின்மேல் வைத்து, பின்பக்கம் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். துணியின் இழைகூடச் சீட்டில் பதிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காட்டினார்.

"பல்லைப் புடுங்கப் போனவர் இலையைப் புடுங்கிட்டு வந்திருக்கீங்க. பல்லு?"

"அது அப்படியேதான் இருக்கு. சீட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்ல, என் நம்பர் வந்தப்ப நான் அங்க இல்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

திரைத்துணி டிசைன் உருளையில் ஏறுவது. உருளை ஒரு சுற்று சுற்றி முடிந்த இடத்தில் அடுத்த சுற்று தொடங்க வேண்டும். இரண்டும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. டிசைன்காரனின் மானமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. உருளையின் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர். ரப்பர் இரும்பு அளவுகோலை வைத்து ஐம்பது அளந்து, ஏழு இலைகளை அடுக்கி, மையும் போட்டுவிட்டார். பிறகு காகிதத்தை உருளையில் சுற்றிப் பார்த்தால் நுனியும் நுனியும் சேரவில்லை. நடுவில் நான்கு மில்லிமீட்டர் வெற்றிடம்.

தவறு அவருடையது அல்ல. அளவுகோலுடையது. சாயக் கிடங்கில் யாரோ அதன் நுனியை வைத்து டப்பா மூடி நெம்பியிருக்கிறார்கள். முதல் நான்கு மில்லிமீட்டர் உடைந்து போயிருந்தது. உடைந்த முனையைப் பூஜ்யம் என்று நினைத்து அளந்தவருக்கு ஐம்பது என்பது நாற்பத்தொன்பதரை சொச்சம்தான் கிடைத்தது.

சேரும் இடத்தில் இருந்த இலை இரண்டாகப் பிளந்து நின்றது. வலது ஓரத்தை இழுத்துச் சேர்த்துவிட்டார். இடது ஓரத்தை இழுத்தால் நரம்பு கோணிக்கொண்டது. மறுபடி முழுவதையும் வரைய மூன்று நாள் ஆகும். மணி நான்கரை. கீழே உருளை செதுக்குபவர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். ரப்பர் அந்த இடத்தைக் கொஞ்சம் வளைத்து, புழு கடித்ததுபோல விட்டுவிட்டார். ஓர் இலையில் மட்டும் கடி இருந்தால் தவறு என்று தெரியும். ஏழிலும் இருந்தால் டிசைன் என்பார்கள். ஏழிலும் கடித்தார்.

திரை நன்றாக விற்றது. மனைவி வேலை பார்த்த மருத்துவமனையின் ஆறாம் வார்டிலும் அதுதான் தொங்கியது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் எல்லோரும் அந்தக் கடியையே பார்த்தார்கள். கால் முறிந்த லாரி ஓட்டுநர் ஒருவர், இலைகளைத் தின்பது ஒரே புழுதான், அது மேலிருந்து கீழே வருகிறது, தன் கட்டிலுக்கு வந்து சேரப் பதினோரு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார். பதினோராம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பியபோது, புழுவுக்கு வழி விட்டுப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். இதை மனைவி வந்து சொன்ன அன்று ரப்பர் இரண்டு தடவை சாப்பிட்டார்.

இருபத்தைந்து வருடம் கழித்து, 2016 மே 9, திங்கட்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, கீழே ஓடிய இயந்திரம் நின்றது. கழுவும் நேரத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மேலாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

மேலாளரின் மேசைமேல் வேறொரு நிறுவனத்தின் வக்கீல் அனுப்பிய கடிதம். ஏழாம் எண் இலை அவர்களுடைய இலை. 1988-லேயே நாற்காலித் துணிக்காகப் பதிவு செய்தது. அந்தக் கடியும் அவர்களுடைய மூத்த ஓவியரின் கற்பனை. 1986-லிருந்தே அவர் மனதில் இருந்து, 1996-இல் போட்ட மெத்தை உறையில் வந்தது. ஆலை இரண்டையும் திருடிவிட்டது.

"ரப்பர் சார், இலையை எங்கிருந்து எடுத்தீங்க?"

ரப்பர் வாயைத் திறந்தார். மேலாளர் கையை உயர்த்தினார்.

"சொல்லாதீங்க. நீங்க சொல்லி என் காதுல விழுந்தா நான் எழுதணும். எழுதினா விதி பதினாலு. வெளியிலேருந்து டிசைனை நகல் எடுத்தவரை வேலையை விட்டு நீக்கலாம். ஓய்வுப் பணம், பென்ஷன் எதுவும் கிடையாது. உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் எப்ப?"

"அக்டோபர் முப்பத்தொண்ணு."

"அஞ்சே முக்கால் மாசம். அதுவரைக்கும் அந்த இலை உங்க மனசுல முளைச்சது. புரியுதா?"

புரிந்தது. முப்பத்துநான்கு வருட வேலையின் பலன் முழுவதும் ஒரு பொய்யில் தொங்கியது. பெரிய பொய்யும் இல்லை. எல்லா ஓவியர்களும் நாள்தோறும் சொல்வதுதான்.

பொய்யை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுக்க ஆலையின் கலை ஆலோசகரை அனுப்பினார்கள். நாற்பது வயது, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. ஆலையின் விளம்பரப் புத்தகங்களை அவர்தான் எழுதுவார். குளியலறைத் திரையைப் பற்றி அவர் நான்கு பக்கம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளர் குளிக்கத் தயங்கியதாக ஆலையில் ஒரு பேச்சு உண்டு.

"சார், கலைன்னாலே தத்துவம்தான். தத்துவம் இல்லாத கோடே கிடையாது. அந்தக் கடியைப் போடும்போது உங்களுக்குள்ள என்ன கேள்வி ஓடுச்சு?"

"மணி நாலரை ஆயிடுச்சே, எப்ப முடிப்போம்னு ஓடுச்சு."

"காலம்" என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார். "அப்புறம்?"

"ரெண்டு நுனியும் சேரல தம்பி. அதான் வளைச்சு விட்டேன்."

"பிரிவு. பிரிஞ்சது சேராதுங்கிற உண்மை. பாத்தீங்களா, நீங்க தத்துவம்தான் பேசுறீங்க. உங்களுக்கே தெரியல."

"அப்ப நான் அழிக்கிறது?"

"அது அதைவிடப் பெரிய தத்துவம்."

ரப்பருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. முப்பத்துநான்கு வருடமாக ஞானியாக இருந்தும் தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தார். ஆலோசகர் தட்டச்சு செய்து கொடுத்த வாக்குமூலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். 'இருப்பின் விளிம்பில் இன்மை வைக்கும் பல்தடம்' என்று அது தொடங்கியது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"என்னங்க, இது மருந்துச் சீட்டைவிடக் கஷ்டமா இருக்கு."

"கலைன்னாலே தத்துவமாம்."

"ஆறாம் வார்டுல அந்த லாரி டிரைவர் புழுவைப் பத்தி அவ்வளவு யோசிச்சாரே, அது அவர் தத்துவமா, உங்க தத்துவமா?"

ரப்பர் யோசித்தார். "நான் ஓட்டையைத்தான் போட்டேன். யோசிச்சது அவர்தான்."

"அப்ப அதை அவர்கிட்ட குடுத்துட்டு நீங்க ஓட்டையை வெச்சுக்கோங்க" என்றார் மனைவி. பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "ஆனா பென்ஷன் போச்சுன்னா என் ஒரு பென்ஷன்தான். அதையும் நெனச்சுக்கோங்க. வீட்டுக் கூரை ஒழுகுது" என்றார்.

விசாரணை 2016 செப்டம்பர் 14, புதன்கிழமை. வணிகச் சங்கக் கட்டிடம், மூன்றாம் மாடி. நேரம் பதினொன்று. ரப்பர் இருபது நிமிடம் முன்னதாகப் போய்விட்டார். ஒரு பையில் ஆலோசகரின் வாக்குமூலம். இன்னொரு பையில், எதற்கென்று தெரியாமலே, பல் மருத்துவரின் முன்பதிவுச் சீட்டு. கையில் உடைந்த அளவுகோல். அளவுகோல் இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை.

நடைவழியில் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் காகிதக் கோப்பையோடு நின்றிருந்தார். எதிர் நிறுவனத்தின் மூத்த ஓவியர் அவர்தான். விரல்களில் இருந்த மைக்கறை சொல்லிவிட்டது.

"நீங்கதான் இலை திருடினவரா?" என்று கேட்டார், மணி என்ன என்று கேட்பதுபோல.

"ஆமாங்கம்மா. நீங்கதான் கடி திருடினவங்களா?"

"என் நாத்தனார் வீட்டுத் திரையில இருந்துச்சு. அந்த வீட்டுல எடுத்துக்கிற மாதிரி வேற ஒண்ணும் இல்ல." தண்ணீரைக் குடித்து முடித்தார். "அதுல ஏன் அந்தக் கடி? நானும் இருபது வருஷமா யோசிக்கிறேன். வேற எந்த இலையில வெச்சாலும் அசிங்கமா இருக்கு, இதுல மட்டும் பொருந்துது."

"அது ஒரு பெரிய கதை. அது சரி, இலை உங்களோடதா?"

"சோப்பு உறை. கம்பெனி மூடி ரொம்ப வருஷம் ஆச்சு. எங்க வக்கீல்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ரொம்ப உழைச்சிருக்கார்."

உள்ளே நீண்ட மேசை. நடுவர் ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர். அவர் முன்னால் ஆலையின் திரைத்துணி ஒரு மீட்டரும் எதிர்த்தரப்பின் மெத்தை உறை ஒன்றும் விரித்துக் கிடந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அரைமணி நேரம் பேசினார். இலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு கடிக்கு வந்தார். அந்தக் கடி தம் ஓவியரின் முப்பதாண்டுத் தேடலின் கனி. முழுமை என்பது பொய் என்று அவர் உலகத்துக்குச் சொன்ன சேதி. "இருப்பின் விளிம்பில் இன்மை வைக்கும் பல்தடம்" என்று நிறுத்திப் படித்தார்.

ரப்பர் திரும்பி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது அவங்க விளம்பரப் புத்தகத்துல இருந்ததா?" என்று காதோடு கேட்டார்.

"சார், சிந்தனை பொதுச்சொத்து."

"அடுத்த வரியும் அவங்களோடதா?"

ஆலோசகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கைமாற்று இல்லை, திருட்டுதான் என்று ரப்பர் முடிவு செய்தார்.

மேலாளர் முன்னரே சொல்லி வைத்திருந்தபடி, ரப்பர் எழுந்து வாக்குமூலத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும். ஒரே வாசகத்தை இரண்டு தரப்பும் படித்தால் நடுவர் என்ன செய்வார்? சரிபாதியாகப் பிரித்து அனுப்பிவிடுவார். விதி பதினான்கு தூங்கிக்கொண்டே இருக்கும். கூரை ஒழுகுவது நிற்கும். ரப்பர் எழுந்தார். மேசைமேல் கிடந்த துணியைப் பார்த்தார். பதினான்கு கடிகள். நானூற்றுப் பன்னிரண்டு டிசைன் வரைந்த கைக்கு எங்கிருந்தும் எடுக்காமல் கிடைத்தது அது ஒன்றுதான். அதைப் போய் வேறொருவரின் தேடல் என்கிறார்கள். இலையைத் திருடினாய் என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. இப்போது வந்தது.

"ஐயா, இந்தக் கடி எத்தனை மில்லிமீட்டர்னு அவங்களைக் கேளுங்க" என்றார்.

நடுவர் முகம் தெளிந்தது. அன்று காலையிலிருந்து அவர் காதில் விழுந்த முதல் அளவு அது. ஓவியர் அம்மாளைப் பார்த்தார்.

"அளந்து பாத்ததில்லீங்க" என்றார் அம்மாள்.

"நாலு" என்றார் ரப்பர். "ஏன் நாலுன்னா இதால." அளவுகோலை மேசைமேல் வைத்தார். நடுவர் அதை எடுத்து, உடைந்த முனையை விரலால் தடவி, எண்களைப் படித்து, கடியின்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு ரப்பர் மற்றப் பையிலிருந்து முன்பதிவுச் சீட்டை எடுத்தார். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டார். சீட்டின் ஒரு பக்கம் பல் மருத்துவரின் முத்திரையும் 1991 பிப்ரவரி 19 என்ற தேதியும். மறுபக்கம் பென்சிலில் தேய்த்த இலை. கடி இல்லாத முழு இலை.

"நான் எடுத்தப்ப கடி இல்ல. அன்னிக்கு வரைக்கும் உலகத்துல எங்கேயும் இல்ல. அளவுகோல் உடைஞ்சிருந்துச்சு, நுனி சேரல, நான் கடிச்சேன். இலை அவங்களோடது. அதை நான் பாத்து எடுத்தேன். கடி என்னோடது."

வக்கீல் துள்ளி எழுந்து, இது குற்ற ஒப்புதல், எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். நடுவர் எழுதிக்கொண்டே ஓவியர் அம்மாளிடம் கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குக் கடி எங்கிருந்து வந்துச்சு?"

"நாத்தனார் வீடு" என்றார் அம்மாள். "இப்பத்தான் நிம்மதியா இருக்கு. புழுவும் இல்ல, தத்துவமும் இல்ல, அளவுகோல் ஒடைஞ்சிருக்கு. நானும்தான் வேற இலையில வெச்சு வெச்சுப் பாத்தேன்."

"அப்படின்னா இலை எங்கிருந்து..." என்று நடுவர் தொடங்கினார். அது இந்த வழக்கில் கேட்கப்படாத கேள்வி என்று வக்கீல் அவசரமாகச் சொன்னார்.

ஆலோசகர் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டார். கடி என்பது இலை இல்லாத இடம். இல்லாத ஒன்றை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா?

"பாலத்துக்கு அடியில தண்ணி போக வழி விடுறோம்" என்றார் நடுவர். "அந்த வழியை நான்தான் வரைஞ்சேன்னு சம்பளம் வாங்கியிருக்கேன். உக்காருங்க."

முதல் கடிதம் செப்டம்பர் 30 அன்று வந்தது. நடுவரின் முடிவு. இலை எதிர் நிறுவனத்துக்குச் சொந்தம். இலையின் இடது ஓரத்தில் இல்லாத பகுதி ஆலைக்குச் சொந்தம். இரண்டு தரப்பும் இதுவரை ஒருவர் பொருளை ஒருவர் பயன்படுத்தியிருப்பதால் இனியும் அப்படியே செய்யலாம். எதிர் நிறுவனம் அந்த வாரமே மெத்தை உறையை மறுபடி அச்சிட்டது. ஆலை திரைத்துணிக்கு நாள் குறித்தது. எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது, ரப்பரைத் தவிர.

இரண்டாம் கடிதம் அக்டோபர் 10 அன்று. ஆலை நிர்வாகக் குழு அனுப்பியது. வெளியிலிருந்து டிசைனை நகல் எடுத்ததாக விசாரணையில் நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், விதி பதினான்கின்படி உங்களை ஏன் நீக்கக் கூடாது என்று ஒரு வாரத்துக்குள் முழுமையான விளக்கம் தரவும்.

ரப்பர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "கூரையை நானே சரிபண்ணிடறேன்" என்றார்.

மனைவி கடிதத்தை இரண்டாவது முறை படித்தார். மருந்துச் சீட்டில் அளவைத் தேடும் அதே கண்.

"முழுமையான விளக்கம்னு கேட்டிருக்காங்க."

"ஆமா."

"அப்ப முழுமையா குடுங்க. உங்க இழுப்பறை நாலுலயும் இருக்கே."

ரப்பருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, பல்லைப் பிடுங்காமல் வந்த அன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். ஐந்து நாள் மேசையில் உட்கார்ந்து 412 டிசைன்களுக்கும் பட்டியல் எழுதினார். டிசைன் எண், அச்சான தேதி, எந்த உருவம், யாரிடமிருந்து, எந்தச் சூழ்நிலையில். மொத்தம் அறுபத்தொரு பக்கம். வரிசைப்படி தொடங்க வேண்டும் என்பதால் முதல் பக்கத்தின் முதல் வரியில் 1982-இல் அவர் வரைந்த முதல் வேலை இருந்தது. ஆலையின் வாயிலிலும் கடிதத்தாளிலும் சம்பள உறையிலும் இருக்கும் அந்தப் பூச் சின்னம். 'எடுக்கப்பட்டது: பிஸ்கட் டப்பா மூடி. டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இதைப் போல வேண்டும் என்று கேட்டவர்: ஆலையின் நிறுவனர்.' நிறுவனரின் மகன்தான் இப்போது குழுவின் தலைவர். அந்தப் பிஸ்கட் கம்பெனி இன்னும் நன்றாக நடக்கிறது.

கூடுதல் தகவலுக்காக ஒரு வரியும் சேர்த்தார்: 'மேற்படி பட்டியலில் ஏதேனும் ஐயம் இருப்பின், உரியவர்களிடம் நேரில் விசாரித்து அறிய அவர்களின் முகவரிகளையும் தரத் தயாராக இருக்கிறேன்.'

"இந்த வரி நல்லா இருக்கு" என்றார் மனைவி.

"உன் ஆஸ்பத்திரி நோட்டீஸ்ல இருந்து எடுத்தேன்."

பட்டியல் அக்டோபர் 17 அன்று குழுவுக்குப் போனது. அதற்கப்புறம் பத்து நாள் ஒரு தகவலும் இல்லை. ரப்பர் வழக்கம்போல வேலைக்குப் போனார், வழக்கம்போலப் பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள் கோடு போட்டார். மேலாளர் எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். ஆலோசகர் மட்டும் ஒருநாள் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்து, வாயிற்படியிலேயே நின்று, தன் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார்.

"உங்ககிட்ட இருந்து நான் ஒண்ணுமே எடுக்கலியே தம்பி" என்றார் ரப்பர். ஆலோசகர் நிம்மதியாக இறங்கிப் போனார். பாதிப் படியில் ஒரு கணம் நின்று யோசித்ததாகக் கேள்வி.

ஓய்வு பெற நான்கு நாள் இருக்கும்போது மூன்றாவதும் கடைசியுமான கடிதம் வந்தது. ரப்பர் உறையைப் பிரிக்காமல் மனைவியிடம் நீட்டினார். அவர் நின்றபடியே சத்தமாகப் படித்தார். தாங்கள் அனுப்பிய பட்டியலைக் கோப்பில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அசலும் இரண்டு நகல்களும் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகின்றன. அதை வேறு யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. விதி பதினான்கு டிசைன் முழுவதையும் நகல் எடுப்பவர்களுக்கே பொருந்தும். ஏழாம் எண் இலையில் நான்கு மில்லிமீட்டர் தங்கள் சொந்தப் படைப்பு என்று நடுவரின் முடிவால் நிலைநாட்டப்பட்டிருப்பதால், அவ்விதி தங்களுக்குப் பொருந்தாது. ஓய்வுப் பணம், பென்ஷன் உள்ளிட்ட அனைத்தும் முழுமையாக வழங்கப்படும்.

மனைவி கடிதத்தை மடித்தார். "முப்பத்திநாலு வருஷத்துல நாலு மில்லிமீட்டர். வருஷத்துக்கு எவ்வளவு வருது?"

"ஒரு மில்லிமீட்டர்ல எட்டுல ஒரு பங்கு. கொஞ்சம் குறையும்" என்றார் ரப்பர், தயங்காமல். "படி அந்த இடத்தை இன்னொரு தடவை. 'சொந்தப் படைப்பு'ங்கிற இடத்தை."

அவர் படித்தார். பிறகு இன்னொரு தடவையும் படித்தார். கடிதம் வந்து சேர்ந்தது 2016 அக்டோபர் 27, வியாழக்கிழமை, காலைத் தபாலில்.